கூண்டு திறந்த பிறகு எழுதப்படும் சட்டங்கள்

2011 அக்டோபர் 18. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், சேன்ஸ்வில் நகரை ஒட்டிய ஒரு பண்ணையில் புலி, சிங்கம், கரடி, சிறுத்தை, ஓநாய், குரங்கு என 56 விலங்குகளை வளர்த்துவந்த ஒருவர், கூண்டுகளைத் திறந்துவிட்டுத் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். பொழுது சாயும் நேரம். பக்கத்தில் வீடுகளும் நெடுஞ்சாலையும் இருந்தன. இருட்டில் மயக்க ஊசி போட்டுவிட்டு, புலி மயங்கி விழும்வரை காத்திருக்கக் காவலர்களுக்கு வழியில்லை. 18 வங்கப் புலிகள், 17 சிங்கங்கள் உட்பட ஏறத்தாழ 50 விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. ஆறு மட்டுமே பிழைத்தன.

அந்தப் பண்ணை உரிமையாளர் விலங்குவதைக் குற்றத்துக்காக 2005இலேயே தண்டனை பெற்றவர். அப்படிப்பட்டவர்கள் ஆபத்தான காட்டுவிலங்குகளை வைத்திருக்கக் கூடாது என்று ஒஹையோவின் ஆளுநர் 2011 ஜனவரியில், பதவி முடியும் தறுவாயில், ஓர் அவசர ஆணை பிறப்பித்திருந்தார். அடுத்த ஆளுநர் ஜான் கேசிக் வந்த பிறகு, ஏப்ரலில், அந்த ஆணை நீட்டிக்கப்படாமல் காலாவதியானது. ஆறு மாதத்தில் கூண்டுகள் திறந்தன. 2012 ஜூனில் அதே கேசிக் ஆபத்தான காட்டுவிலங்குகள் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

காட்டுவிலங்கை வீட்டில் வளர்ப்பது பற்றிய சட்டங்களின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. முதலில் விலங்கு வந்துசேர்கிறது, பிறகு விபத்து நடக்கிறது, கடைசியில் சட்டம் வருகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட முடியுமா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. அதற்கு அமெரிக்காவைப் போல் விரிவான பாடம் தரும் நாடு வேறில்லை. அங்கே ஐம்பது மாநிலங்களும், மாவட்டம் போன்ற ஆயிரக்கணக்கான கவுண்டிகளும், நகரங்களும் தத்தம் போக்கில் சட்டம் எழுதியிருக்கின்றன. எது பலித்தது, எது பொய்த்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

அதிகாரம் யார் கையில்?

பொதுமக்களின் உயிர், உடல்நலம், அமைதி ஆகியவற்றைக் காக்கும் அதிகாரம் அமெரிக்க அரசமைப்பின்படி அடிப்படையில் மாநிலங்களுடையது. வீட்டில் என்ன விலங்கை வளர்க்கலாம் என்ற கேள்வியும் அதற்குள்தான் வருகிறது. கூட்டரசின் கை மாநில எல்லைகளைத் தாண்டும் வணிகம்வரை நீளும். 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் ஒரு மாநிலச் சட்டத்தை மீறிப் பிடித்த உயிர்களை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவதைக் குற்றமாக்கியது. 1973ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்கள் சட்டம் புலியை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைக் கட்டுப்படுத்தியது. ஆனால் கூண்டில் முறைப்படி பிறந்த புலியை ஒருவர் தம் கொல்லைப்புறத்தில் வைத்திருப்பதை அந்தச் சட்டம் தொடவில்லை. 1966ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம் காட்சிக்கு வைப்பவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் உரிமம் கேட்டது. ஆசைக்கு வளர்ப்பவரைக் கேட்கவில்லை.

இங்கேதான் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. கூட்டரசின் வேளாண் துறை தரும் காட்சி உரிமம் வைத்திருப்பவர்களுக்குப் பல மாநிலச் சட்டங்கள் விலக்கு அளித்தன. உயிர்க்காட்சிச் சாலைகளை மனத்தில் வைத்துத் தந்த விலக்கு அது. நாளடைவில் சாலையோரக் கூண்டுக்காரர்களும் அந்த உரிமத்தை வாங்கிக்கொண்டு மாநிலத் தடையைத் தாண்டினார்கள். ஒரு துறை கொடுத்த காகிதத்தை இன்னொரு அரசு பாதுகாப்புச் சான்றாக எடுத்துக்கொண்டது. இருவரில் யாரும் ஊராரின் பாதுகாப்பைச் சோதித்துப் பார்க்கவில்லை.

மாநிலங்களின் நான்கு வழிகள்

மாநிலச் சட்டங்களை நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை, குறிப்பிட்ட விலங்குகளைத் தனிநபர் வளர்க்கவே கூடாது என்னும் தடை. கலிபோர்னியா புலியையும் குரங்கையும் மட்டுமல்லாமல், பக்கத்து மாநிலங்களில் கடையில் விற்கும், கீரி போன்ற ஃபெரெட்டையும் முள்ளெலியையும் தடுக்கிறது. தப்பித்துக் காட்டில் பெருகினால் உள்ளூர் உயிர்களும் விவசாயமும் பாதிக்கப்படும் என்பது அதன் அச்சம். ஹவாய் இன்னும் கண்டிப்பானது. அங்கே பாம்பு வளர்த்தால் மூன்றாண்டுச் சிறையும் 2 லட்சம் டாலர்வரை அபராதமும் விதிக்கலாம். குழந்தைகள் வளர்க்கும் ஹாம்ஸ்டருக்குக்கூட அனுமதியில்லை. பறவைகளால் நிறைந்த தீவுக்கூட்டத்தில் ஒரு பாம்பினம் குடியேறினால் மீட்பு இல்லை என்பதை ஹவாய் அறிந்திருக்கிறது. பசிபிக்கின் குவாம் தீவில், கப்பல் சரக்கோடு வந்துசேர்ந்த பழுப்பு மரப்பாம்பு அங்கிருந்த காட்டுப் பறவையினங்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது.

இரண்டாம் வகை, உரிமமும் தரவரிசையும். ஃபுளோரிடா விலங்குகளை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறது. சிங்கம், புலி, சிம்பன்சி போன்ற முதல் வகுப்பைச் செல்லப்பிராணியாக வைத்திருக்கக் கூடாது. இரண்டாம் வகுப்புக்கு முன்னனுபவத்தை நிரூபிக்க வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு எளிய அனுமதி போதும்.

மூன்றாம் வகை, பதிவு. டெக்சாஸ் 2001 முதல் ஆபத்தான விலங்கு வைத்திருப்பவர்கள் கவுண்டியில் பதிய வேண்டும், ஒரு லட்சம் டாலருக்குப் பொறுப்புக் காப்பீடு எடுக்க வேண்டும் என்கிறது. கவுண்டி விரும்பினால் முழுத்தடையும் விதிக்கலாம்.

நான்காம் வகை, மாநில அளவில் ஆபத்தான விலங்குகளுக்கென்று பொதுச்சட்டமே இல்லாத நிலை. அலபாமா, நெவாடா, வட கரோலினா, விஸ்கான்சின் ஆகிய நான்கும் நெடுங்காலமாக இந்தப் பட்டியலில் இருப்பவை. நெவாடாவின் விதிகளில் ஒரு முரண் இருக்கிறது. உள்ளூர் காட்டுயிர்களையும் வெறிநோய்ப் பரவலையும் எண்ணி நரிக்கும் ரக்கூனுக்கும் தடை போட்ட மாநிலம், அயல்நாட்டுப் பெரும்பூனைகளைத் தடுக்கவில்லை. ஒவ்வொரு விதியும் தான் எழுதப்பட்ட நாளில் எதைக் கண்டு அஞ்சியதோ அதை மட்டுமே பார்க்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

சட்டம் இருந்தும் தனி விலக்கால் பயனற்றுப்போவதும் உண்டு. லூயிசியானா 2006இல் பெரும்பூனைகளைத் தடைசெய்தது. அங்கே நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தம் ஒன்றில், வாடிக்கையாளரைக் கவர டோனி என்ற புலி கூண்டில் வைக்கப்பட்டிருந்தது. வழக்குகள் நடந்தன. 2014இல் அந்தப் புலிக்கு ஏற்றாற்போல் சட்டமன்றமே ஒரு விலக்கை இயற்ற, ஆளுநர் பாபி ஜிண்டல் கையெழுத்திட்டார். 2017இல் டோனி அதே கூண்டில் இறந்தது.

ஊராட்சியின் பலமும் வரம்பும்

நகரமும் கவுண்டியும் மாநிலத்தைவிடக் கடுமையாக இருக்கலாம். நியூயார்க் நகரத்தின் சுகாதார விதிகள் காட்டுவிலங்குகளையும், மாநிலத்தின் பிற பகுதிகளில் வளர்க்கத்தக்க ஃபெரெட்டையும் தடுக்கின்றன. அப்படியிருந்தும் 2003இல் ஹார்லெம் பகுதியின் அடுக்குமாடி வீடு ஒன்றில் 180 கிலோவுக்கு மேல் எடையுள்ள புலியும் ஒரு முதலையும் இருப்பது தெரியவந்தது. காவலர் ஒருவர் மாடியிலிருந்து கயிற்றில் தொங்கி, சன்னல் வழியாக மயக்க ஊசி செலுத்திப் புலியைப் பிடிக்க வேண்டியிருந்தது. குட்டியாக வந்தபோது அதை யாரும் கேட்கவில்லை. வளர்ந்து ஒருவரைக் கடித்த பிறகுதான் அதிகாரிகளுக்குச் செய்தி எட்டியது.

2021 மே மாதம் ஹூஸ்டன் நகரின் குடியிருப்பில் ஒன்பது மாதப் புலி ஒன்று வீட்டு முன்புல்வெளியில் நின்றது. அதன் பெயர் இந்தியா. ஹூஸ்டன் எல்லைக்குள் புலி வளர்க்கத் தடை உண்டு. டெக்சாஸ் மாநில அளவில் முழுத்தடை இல்லை. நகர எல்லை வரைபடத்தில் இருக்கிறது. காரின் பின்னிருக்கையில் போகும் குட்டிக்கு அது தெரியாது. ஒரு வாரம் தேடிய பிறகே அந்தப் புலி காப்பகம் போய்ச் சேர்ந்தது.

ஊராட்சி விதி அண்டை வீட்டாருக்குப் பாதுகாப்பு தரும். கழிவு, நாற்றம், வேலியின் உயரம், நெருக்கடி நேரத்தில் தீயணைப்புத் துறைக்குத் தகவல் ஆகியவற்றை உள்ளூரே நன்றாகக் கவனிக்கும். ஆனால் விற்பனைச் சங்கிலியை அறுக்க அதனால் முடியாது. தடையுள்ள ஊரிலிருந்து துரத்தப்பட்ட விலங்கு தடையில்லாத ஊரைத் தேடிப் போய்விடும்.

எச்சரிக்கை வந்தும் அசையாத கோப்புகள்

2009 பிப்ரவரியில் கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்டில், வீட்டில் பிள்ளைபோல் வளர்ந்த டிராவிஸ் என்ற சிம்பன்சி, தன்னை நன்கறிந்த ஒரு பெண்ணைத் தாக்கி முகத்தையும் கைகளையும் சிதைத்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே அந்த மாநிலத்தின் உயிரியல் அலுவலர் ஒருவர், இந்த விலங்கு யாரையாவது கடுமையாகத் தாக்கக்கூடும் என்று துறைக்குள் எழுதி எச்சரித்திருந்தார். பெரிய குரங்கினங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற விதி இருந்தும், முன்பிருந்தே வளர்ந்துவந்ததால் டிராவிஸ் அதற்குள் கொண்டுவரப்படவில்லை. தாக்குதலுக்குப் பிறகு, அதே ஆண்டில் சட்டம் கடுமையானது. மாநிலத்தின் மீது வழக்குத் தொடுக்க அந்தப் பெண் கேட்ட அனுமதியோ 2013இல் மறுக்கப்பட்டது.

நோயும் இதே பாடத்தைச் சொன்னது. 2003இல் கானா நாட்டிலிருந்து டெக்சாஸுக்கு வந்த சிறுவிலங்குகளில் காம்பியப் பெருச்சாளிகள் இருந்தன. செல்லப்பிராணி வியாபாரியிடம் அவற்றின் அருகே வைக்கப்பட்ட புல்வெளி நாய் என்னும் கொறிணிகளுக்குக் குரங்கம்மை தொற்றியது. அவற்றை வாங்கியவர்களுக்கும் பரவியது. ஆறு மாநிலங்களில் 47 பேர் பாதிக்கப்பட்டார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே குரங்கம்மை மனிதரிடையே காணப்பட்டது அதுவே முதல்முறை. ஆப்பிரிக்கக் கொறிணிகளின் இறக்குமதிக்கு அதன்பிறகு தடை வந்தது.

மலைப்பாம்புகள் தாண்டிய எல்லை

மாநிலம் தனித்து நின்றால் என்ன ஆகும் என்பதை ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலம் காட்டுகிறது. செல்லப்பிராணிச் சந்தை வழியாக வந்த பர்மிய மலைப்பாம்புகள், வளர்த்தவர்களிடமிருந்து தப்பியும் கைவிடப்பட்டும் காட்டில் பெருகின. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, சாலையோரக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு, பாம்புகள் நெடுங்காலமாக உள்ள பகுதிகளில் ரக்கூன்கள் 99.3 விழுக்காடும் ஒப்போசம்கள் 98.9 விழுக்காடும் குறைந்துவிட்டதாகக் கண்டது.

அதே ஆண்டு கூட்டரசு லேசி சட்டத்தின்கீழ் பர்மிய மலைப்பாம்பு உள்ளிட்ட நான்கு பெரும்பாம்புகளைத் தீங்குதரும் இனங்களாக அறிவித்தது. ஊர்வன வளர்ப்போர் சங்கம் நீதிமன்றம் போனது. 2017இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தச் சட்டத்தின் சொற்கள் கண்டத்திலுள்ள ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுசெல்வதைத் தடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. ஆகவே பொறுப்பு மீண்டும் மாநிலங்களிடம் வந்தது. 2021இல் ஃபுளோரிடா இகுவானா, டேகு பல்லி, மலைப்பாம்புகள் உட்பட 16 ஊர்வன இனங்களைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதற்குள் காடு பாம்புகளின் வசமாகியிருந்தது.

2022: கூட்டரசின் தலையீடு

பெரும்பூனைகள் விஷயத்தில் மட்டும் கூட்டரசு இறுதியில் துணிந்தது. அமெரிக்காவில் கூண்டுப் புலிகள் ஏறத்தாழ 5,000 என்ற மதிப்பீடு பலகாலம் சொல்லப்பட்டுவந்தது. முழுமையான பதிவேடு இல்லாத நாட்டில் மதிப்பீட்டைத் தவிர வேறெதுவும் சாத்தியமில்லை. புலிகளின் தாயகமான இந்தியாவின் காடுகளில் 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 3,682 புலிகள் இருக்கின்றன என்பதோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கூண்டுப் புலிகள் பெருகியதற்குக் காரணம் குட்டிகளோடு படம் எடுத்துக்கொள்ளும் வியாபாரம். குட்டி சில வாரங்களே மடியில் வைக்கத் தக்கது. பிறகு புதுக்குட்டி வேண்டும். வளர்ந்தவை விற்கப்படும், கைமாறும், கூண்டில் முடங்கும். 2022 டிசம்பர் 20 அன்று சட்டமான பெரும்பூனைப் பொதுப் பாதுகாப்புச் சட்டம் இந்தச் சங்கிலியைத் தொடக்கத்திலேயே வெட்டியது. தனிநபர் புதிதாக வாங்கவோ இனப்பெருக்கம் செய்யவோ கூடாது. பார்வையாளர் தொட்டுப் பழகக் கூடாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் 2023 ஜூன் 18க்குள் பதிந்துகொண்டு, அந்த விலங்கின் ஆயுள்வரை வைத்திருக்கலாம். கைப்பற்றி எங்கே கொண்டுபோவது என்ற சிக்கலையும் வளர்ப்பவரின் பற்றையும் ஒருசேர மதித்த ஏற்பாடு இது. ஆனால் குரங்கு, கரடி, நச்சுப்பாம்பு ஆகியவை இன்னும் ஐம்பது விதமான சட்டங்களுக்குள்தான் இருக்கின்றன.

வளர்ப்பவர்களின் வாதம்

வளர்ப்பவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். புலியால் இறப்பவர்களைவிட நாய்க்கடியால் இறப்பவர்கள் அதிகம் என்கிறார்கள். உண்மைதான், ஆனால் அங்கே நாய்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஆயிரமாயிரம் ஆண்டுகள் மனிதரோடு வாழ்ந்து மாறிவந்த விலங்கு அது. குட்டியிலிருந்து பால் கொடுத்து வளர்த்தாலும் புலி அந்த மாற்றத்தை ஒரு தலைமுறையில் அடைவதில்லை. அடுத்து, சொத்துரிமை என்கிறார்கள். ஒஹையோ சட்டத்தை எதிர்த்த வழக்கில் மைக்ரோசிப் பொருத்தச் சொல்வது சொத்தைப் பறிப்பதாகாது என்று கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் முடிவுசெய்தது.

அவர்கள் வாதங்களில் வலுவானது மூன்றாவது: அதிகாரிகளின் கடுமை. 2024 அக்டோபரில் நியூயார்க் மாநில அதிகாரிகள், ஏழாண்டுகளாக ஒரு வீட்டில் வளர்ந்த பீநட் என்ற அணிலையும் ஒரு ரக்கூனையும் எடுத்துச்சென்று, வெறிநோய்ச் சோதனைக்காகக் கொன்றார்கள். சோதனையில் நோய் இல்லை. உரிமமின்றி வளர்த்தது குற்றம் என்றே வைத்துக்கொண்டாலும், அதற்குரிய தண்டனையை அணில் ஏன் ஏற்க வேண்டும்? இந்தியாவிலும் இப்படி நடந்தது. உத்தரப் பிரதேசத்தின் அமேதியில், காயம்பட்ட சாரஸ் கொக்கைக் காப்பாற்றிய மனிதரின் பின்னாலேயே அந்தப் பறவை திரிந்தது. 2023இல் வனத்துறை அதைக் கொண்டுபோய்க் கடைசியில் கான்பூர் உயிரியல் பூங்காவில் அடைத்தது. அவர்மீது வழக்கும் பதிந்தது. சட்டத்தின் நோக்கம் விலங்கின் நலம் என்றால், கைப்பற்றிய நாளுக்கு அடுத்த நாள் அது எங்கே, எப்படி வாழும் என்ற பதிலும் சட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இந்தியாவின் தலைகீழ்ப் பாதை

இந்தியா எதிர்த்திசையிலிருந்து இதே கேள்விக்கு வந்தது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுமைக்கும் பொதுவானது. 1976இல் வந்த 42ஆம் திருத்தம் காட்டுயிர்ப் பாதுகாப்பைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. நடைமுறை மாநில வனத்துறையின் கையில் இருக்கிறது. நாய்க்கு உரிமம் தரும் மாநகராட்சிக்குக் காட்டுயிர் விஷயத்தில் பெரிய பங்கில்லை. சட்டத்தை மீறி வைத்திருக்கும் காட்டுவிலங்கு அரசின் உடைமையாகிவிடும். பச்சைக்கிளி, முனியா, நட்சத்திர ஆமை எதையும் வளர்க்கக் கூடாது. 2023இல் சென்னையில் ஒரு திரைப்பட நடிகரின் வீட்டிலிருந்து இரண்டு கிளிகளை வனத்துறை எடுத்துச்சென்று அபராதம் விதித்தபோதுதான், கிளி வளர்ப்பது குற்றம் என்பது தமிழ்நாட்டில் பலருக்குத் தெரிந்தது.

அதே சென்னையில் தென்னமெரிக்க மக்கா கிளியும் இகுவானாவும் பால் பைதான் என்னும் மலைப்பாம்பும் தயக்கமின்றி விற்கப்பட்டன. அயல்நாட்டு இனங்கள் அப்போது 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வரவில்லை. சுங்கச் சோதனையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் கேட்பாரில்லாத நிலை இருந்தது. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பைகளில் ஊர்வனவும் குரங்குக்குட்டிகளும் சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவது வழக்கமான செய்தியாகிவிட்டது. 2019 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறுத்தைக்குட்டியே பெட்டிக்குள் பிடிபட்டு வண்டலூர்ப் பூங்காவுக்குப் போனது.

2020 ஜூனில் ஒன்றிய அரசு, அயல்நாட்டு விலங்கு வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாக அறிவித்தால் ஆவணம் கேட்கப்படாது என்றது. கணக்குத் தெரிந்துகொள்ள அது உதவியது. கடத்திவந்ததைச் சட்டபூர்வமாக்கிக்கொள்ளவும் வழிவிட்டது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2022ஆம் ஆண்டுத் திருத்தம்தான், சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலிலுள்ள அயல் இனங்களை முதன்முறையாக உள்நாட்டுச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகள் வைத்திருப்பவர்கள் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்றன. பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டும். முன்னேற்றம்தான். ஆனால் அது பதிவுச் சட்டம். இன்ன விலங்கு வீட்டில் வாழத் தக்கதா என்று அது கேட்பதில்லை. அந்தப் பட்டியலில் இல்லாத அயல் இனங்கள் அதன் பார்வைக்கே வருவதில்லை.

வரிசையைத் திருப்பிப் போடுவது

இதுவரை பார்த்த சட்டங்களில் பெரும்பாலானவை தடைப்பட்டியல்கள். பட்டியலில் இல்லாதது எல்லாம் அனுமதி. வியாபாரம் ஆண்டுதோறும் புதிய இனத்தைக் கொண்டுவரும். சட்டம் பின்னால் ஓடும். இதற்கு மாற்று, அனுமதிப்பட்டியல். வளர்க்கத் தக்கவை இவை என்று ஆராய்ந்து சொல்லிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் மூடுவது. பெல்ஜியம் பாலூட்டிகளுக்கு 42 இனங்கள் கொண்ட பட்டியலோடு இதைத் தொடங்கியது. நெதர்லாந்தில் 2024 ஜூலை 1 முதல் 30 பாலூட்டி இனங்கள் கொண்ட பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. இங்கே நிரூபிக்கும் பொறுப்பு இடம் மாறுகிறது. ஒரு விலங்கு ஆபத்தானது என்று அரசு விபத்துக்குப் பின் நிரூபிக்க வேண்டியதில்லை. அது மனித வீட்டில் நலமாக வாழும் என்று விற்க விரும்புபவர் முன்கூட்டியே காட்ட வேண்டும்.

இந்தியாவும் அமெரிக்க மாநிலங்களும் போக வேண்டிய வழி இதுவே என்பது என் உறுதியான கருத்து. அனுமதிப்பட்டியல் நாடு முழுமைக்கும் ஒன்றாக இருக்கட்டும். எல்லை தாண்டினால் மாறும் தடை, தடையே இல்லை. உரிமம், மைக்ரோசிப், ஆய்வு ஆகியவை மாநிலத்திடம் இருக்கட்டும். கூண்டின் அளவு, அண்டை வீட்டாரின் ஒப்புதல், நெருக்கடித் திட்டம் ஆகியவற்றை ஊராட்சி பார்த்துக்கொள்ளட்டும். விற்பவரையும் சட்டம் பிடிக்க வேண்டும். கிளியை வைத்திருந்த குடும்பம் தண்டிக்கப்பட, அதைப் பிடித்து விற்ற வலை தப்பிக்கும் நிலை மாற வேண்டும். ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் விலங்குகளுக்கு ஆயுள்வரை வாழும் உரிமையும், ஒப்படைக்க விரும்புபவர்களுக்குத் தண்டனையற்ற வழியும், கைப்பற்றியவற்றுக்கு நிதியோடு கூடிய காப்பகமும் சட்டத்தோடு சேர்ந்தே பிறக்க வேண்டும். காப்பகத்துக்குப் பணம் ஒதுக்காத தடைச்சட்டம், அணிலுக்கு நேர்ந்ததையே மற்ற விலங்குகளுக்கும் செய்யும்.

அன்பினால் வளர்க்கிறோம் என்று சொல்பவர்களை நான் நம்புகிறேன். அந்த அன்பைச் சோதிக்கும் முதல் கேள்வி, இந்த உயிருக்கு என் வீடு போதுமா என்பது. தனிமனிதர் ஆசையில் கேட்க மறக்கும் அந்தக் கேள்வியை, விற்பனைக்கு முன்பே, ஒவ்வொரு முறையும் கேட்கும் வேலையைச் சட்டம் ஏற்க வேண்டும்.